ஃபேப்ரிக்கில் இரண்டாவது அப்லிங்கைச் செருகியவுடன் விலான்கள் முடங்குகின்றன: ஸ்பானிங் ட்ரீ எங்கே தவறுகிறது?

இரவுநேர_நிர்வாகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தரவு மையத்தில் நான்கு ப்ரோகேட் விடிஎக்ஸ் 6740 ஸ்விட்சுகள் ஒரே விசிஎஸ் ஃபேப்ரிக்காக (பல ஸ்விட்சுகள் சேர்ந்து ஒன்றுபோல் இயங்கும் அமைப்பு), ஒன்றாகவே நிர்வகிக்கும் லாஜிக்கல் சேசிஸ் முறையில் இயங்குகின்றன. ஃபேப்ரிக்கில் ஒவ்வொரு ஸ்விட்சும் ஒரு ஆர்பிரிட்ஜ்; அவற்றின் எண்கள் 1 முதல் 4 வரை. முதல் இரண்டு ஸ்விட்சுகளிலிருந்தும் கோர் ரவுட்டருக்கு ஒரு வி-லேக் (இரு ஸ்விட்சுகளின் கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்டியது) போகிறது. விலான் 20, விலான் 30 (ஒரே ஸ்விட்சுகளில் பிரித்து வைத்த தனித்தனி வலைகள்) இரண்டுக்குமான கேட்வே அந்த ரவுட்டரில்தான் இருக்கிறது. இந்தப் பகுதியில் இதுவரை ஒரு குறையும் இல்லை.

சிக்கல் பழைய ரேக்கில்தான். அங்கே சிஸ்கோவின் இரண்டு கேட்டலிஸ்ட் ஸ்விட்சுகள் உள்ளன. எளிமைக்காக அவற்றை அ, ஆ என்று குறிப்பிடுகிறேன். இரண்டிலும் ரேபிட் பிவிஎஸ்டி (வளையம் உண்டாகாதபடி உபரிப் பாதையை விலான்தோறும் அடைத்து வைக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையின் வேக வடிவம்) ஓடுகிறது. தமக்குள் ஒரு கிகாபிட் செம்புக் கேபிளால், ட்ரங்காக (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பாக) இணைந்திருக்கின்றன. அ-விலிருந்து ஒரு 10 கிகாபிட் அப்லிங்க் ஃபேப்ரிக்கின் 3/0/47 போர்ட்டுக்கு (ஆர்பிரிட்ஜ் 3-இன் 47-ஆவது போர்ட்) செல்கிறது. ஆ-வில் உள்ள சர்வர்களின் போக்குவரத்து முழுவதும் அ வழியாகவே ஃபேப்ரிக்கை அடைவதால், அ நின்றுவிட்டால் ரேக்கே துண்டிக்கப்படும். அதைத் தவிர்க்க, ஆ-விலிருந்து 4/0/47 போர்ட்டுக்கு இன்னொரு 10 கிகாபிட் கேபிள் இழுத்தோம்.

அந்தக் கேபிளைச் செருகிய சில நொடிகளில் விலான் 20, 30 இரண்டிலும் பிங் விட்டுவிட்டு வருகிறது, பிறகு நின்றே போகிறது. அ ஸ்விட்சின் சிபியு உச்சத்துக்கு ஏறுகிறது. அதன் லாகில், ஒரே மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) அப்லிங்கிலும் ஆ-வுக்குச் செல்லும் ட்ரங்கிலும் மாறி மாறித் தெரிவதாக ஃப்ளாப்பிங் எச்சரிக்கைகள் குவிகின்றன. அந்த முகவரிகளில் கேட்வேயின் முகவரியும் ஒன்று. கேபிளைப் பிடுங்கினால் சற்று நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

ஃபேப்ரிக்கில் “ப்ரோட்டோகால் ஸ்பானிங்-ட்ரீ ஆர்பிவிஎஸ்டி” கட்டளையை ஏற்கெனவே கொடுத்திருக்கிறோம். ஃபேப்ரிக் கட்டமைப்பில் ஸ்பானிங் ட்ரீயே தேவையில்லை என்றும் படித்திருக்கிறேன். அப்படியிருக்க லூப் (போக்குவரத்து முடிவின்றிச் சுற்றும் வளையம்) எப்படி உருவாகிறது? பழுது ஃபேப்ரிக் பக்கமா, கேட்டலிஸ்ட் பக்கமா? இரவில் கிடைக்கும் சிறிய பராமரிப்பு நேரத்தில்தான் எதையும் தொட முடியும் என்பதால், என்னென்ன தகவல்களை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய_கேபிள்:

வணக்கம். ஃபேப்ரிக்கில் ஸ்பானிங் ட்ரீ தேவையில்லை என்று நீங்கள் படித்தது ஃபேப்ரிக்கின் உள்ளே மட்டும் உண்மை. விற்பனைக் கையேடுகள் “உள்ளே” என்ற அந்தச் சொல்லை விட்டுவிடுவதால்தான் இந்தக் குழப்பம் இத்தனை இடங்களில் வருகிறது.

விடிஎக்ஸ் ஸ்விட்சுகளுக்கு இடையே ஓடும் ஃப்ரேம்கள் (ஈதர்நெட் தரவுப் பொட்டலங்கள்) ட்ரில் என்ற நெறிமுறையின் தலைப்புடன் பொதியப்பட்டே செல்கின்றன. அந்தத் தலைப்பில் 6 பிட் கொண்ட ஒரு ஹாப் எண்ணிக்கை இருக்கிறது. ஒவ்வொரு ஆர்பிரிட்ஜும் அதை ஒன்று குறைக்கும். பூச்சியமானால் ஃப்ரேம் கைவிடப்படும். பாதைகளைத் தேர்ந்தெடுக்க எஃப்எஸ்பிஎஃப் என்ற வழித்தேர்வு நெறிமுறை இருக்கிறது. ஆகவே உள்ளே எத்தனை இணைப்புகள் இருந்தாலும் அவை அனைத்தும் பயன்படும், தற்காலிகமாக ஒரு சுழல் உண்டானாலும் அது தானாக அடங்கிவிடும். ஆனால் உங்கள் ஃப்ரேம் 4/0/47 வழியாக ஆ-வுக்கு வெளியேறும் கணத்தில் அந்தத் தலைப்பு உரிக்கப்பட்டு, அது வெறும் ஈதர்நெட் ஃப்ரேமாகிவிடுகிறது. ஈதர்நெட் தலைப்பில் ஆயுளைக் குறிக்கும் புலம் எதுவும் கிடையாது. ஆ அதை அ-வுக்கு அனுப்ப, அ அதை 3/0/47 வழியாக ஃபேப்ரிக்கில் நுழைக்க, ஆர்பிரிட்ஜ் 3 அதற்குப் புத்தம் புதிய ஹாப் எண்ணிக்கையுடன் மறுபடியும் தலைப்பு சூட்டுகிறது. ஃபேப்ரிக்கைப் பொறுத்தவரை அது இப்போதுதான் பிறந்த ஃப்ரேம். ஒரே ஒரு ஏஆர்பி கேள்வி (ஒரு ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியை எல்லோரிடமும் கேட்பது) இப்படி முடிவின்றிச் சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் விலானில் உள்ள எல்லாப் போர்ட்டுகளிலும் நகலாகக் கொட்டும். மிகச் சிறிய 64 பைட் ஃப்ரேம்களாக இருந்தால் ஒரு 10 கிகாபிட் போர்ட் நொடிக்கு ஏறத்தாழ 1.48 கோடி ஃப்ரேம்களைக் கடத்தும். கேட்டலிஸ்டின் சிபியு ஏறாமல் என்ன செய்யும்?

கேட்வேயின் மேக் முகவரி ஃப்ளாப் ஆவதற்கும் காரணம் இதுவே. அந்த முகவரி ஃபேப்ரிக்கில் கோர் பக்கத்து வி-லேக்கின் மீது பதிவாகியிருக்க வேண்டும். கேட்வே அனுப்பிய பிராட்காஸ்ட் ஒன்று சுற்றிக்கொண்டு 3/0/47 வழியாகத் திரும்ப வந்தால், கேட்வே பழைய ரேக்கில் இருப்பதாக ஃபேப்ரிக் கற்றுக்கொள்கிறது; அடுத்த கணம் 4/0/47 என்கிறது. லூப் நடக்கும்போது “ஷோ மேக்-அட்ரஸ்-டேபிள்” கட்டளையை ஓரிரு முறை கொடுத்துப் பார்த்தால் இதைக் கண்ணால் காணலாம். பிங் முதலில் விட்டுவிட்டு வந்து, பிறகு நிற்பதும் இதனால்தான்.

இனி, எடுக்க வேண்டிய தகவல்கள். ஸ்பானிங் ட்ரீயைத் தொடும் முன் ஃபேப்ரிக் முழுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். “ஷோ ஃபேப்ரிக் ஆல்” நான்கு ஆர்பிரிட்ஜுகளையும் காட்ட வேண்டும். “ஷோ ஃபேப்ரிக் ஐஎஸ்எல்போர்ட்ஸ்” வெளியீட்டில் ஐஎஸ்எல், அதாவது ஸ்விட்சுகளுக்கு இடையேயான இணைப்பு, எதுவும் செக்மென்ட் ஆனதாக (ஃபேப்ரிக்கில் சேராமல் பிரிந்ததாக) இருக்கக்கூடாது. விசிஎஸ் எண் வேறுபட்டாலோ, ஒரே ஆர்பிரிட்ஜ் எண் இரண்டு ஸ்விட்சுகளுக்கு இருந்தாலோ, போர்ட்டில் ஐஎஸ்எல் அணைக்கப்பட்டிருந்தாலோ அங்கேயே முதல் பழுது இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஸ்பானிங் ட்ரீயை ஆராய்வது வீண் வேலை. அடுத்து, 3/0/47, 4/0/47 இரண்டின் கான்ஃபிக்கையும் முழுமையாக ஒட்டுங்கள். குளோபல் கட்டளை ஒன்றைக் கொடுத்துவிட்டதால் மட்டும் போர்ட்டில் ஸ்பானிங் ட்ரீ ஓடுகிறது என்று பொருளில்லை.

கேட்டலிஸ்டுகளில் “ஷோ ஸ்பானிங்-ட்ரீ விலான் 20” வெளியீடும், இரு அப்லிங்க் போர்ட்டுகளின் “டீடெயில்” வெளியீடும் வேண்டும். ஆ-வின் அப்லிங்கை உயிருடன் பார்க்க வேண்டுமே என்று உற்பத்தி விலான்களைப் பலிகொடுக்க வேண்டாம். விலான் 999 போன்ற பயன்படாத ஒன்றை எல்லா இடங்களிலும் உருவாக்கி, புதிய கேபிளின் இரு முனைகளிலும் அந்த விலானை மட்டும் அனுமதித்துச் செருகுங்கள். அந்த விலானில் ஒரு சர்வரோ ஐபி முகவரியோ இருக்கக்கூடாது. இருந்தால் அங்கே கிளம்பும் புயல் அ–ஆ ட்ரங்கையும் நிரப்பி, விலான் 20-ஐயும் சேர்த்து மூழ்கடிக்கும்.

இரவுநேர_நிர்வாகி:

மிக்க நன்றி ஐயா. நேற்றைய பராமரிப்பு நேரத்தில் நீங்கள் சொன்னபடி விலான் 999-ஐ மட்டும் அனுமதித்துச் சோதித்தேன்.

ஃபேப்ரிக்கில் நான்கு ஆர்பிரிட்ஜுகளும் தெரிகின்றன. எல்லா ஐஎஸ்எல் இணைப்புகளும் மேலே இருக்கின்றன, எதுவும் செக்மென்ட் ஆகவில்லை. 3/0/47, 4/0/47 இரண்டின் கான்ஃபிக்கிலும் ட்ரங்க் வரிகளுக்குக் கீழே “ஸ்பானிங்-ட்ரீ ஷட்டவுன்” என்ற வரி இருக்கிறது. அதை நாங்கள் யாரும் எழுதவில்லை.

கேட்டலிஸ்ட் பக்கம்: விலான் 20-க்கு அ ஸ்விட்சே ரூட் (ஸ்பானிங் ட்ரீ மரத்தின் வேர்), அதன் முன்னுரிமை 32788. ஆ ஸ்விட்ச், அ-வுக்குச் செல்லும் ட்ரங்கை ரூட் போர்ட்டாக (ரூட்டை நோக்கிய போர்ட்டாக) காட்டுகிறது. விலான் 999-லும் அப்படியே. புதிய அப்லிங்க் “டெசிக்னேட்டட், ஃபார்வர்டிங்” என்ற நிலையில், அதாவது அடைபடாமல் திறந்து, இருக்கிறது. அ-வின் அப்லிங்கும் அதே நிலைதான். இரண்டு அப்லிங்க்களின் விரிவான வெளியீட்டிலும் பிபிடியு (ஸ்பானிங் ட்ரீக்காக ஸ்விட்சுகள் பரிமாறும் செய்தி) அனுப்பியவை 0, பெற்றவை 0 என்றே உள்ளது. அதற்கு மேலே பிபிடியு ஃபில்டர் இயங்குவதாக ஒரு வரி இருக்கிறது. அந்த ஃபில்டரை எனக்கு முன்பிருந்தவர்கள் வைத்திருக்க வேண்டும். எதற்காக என்று எந்தக் குறிப்பும் இல்லை.

ரூட்_போர்ட்:

அந்த இரண்டு பூச்சியங்களே போதும், நோய் தெரிந்துவிட்டது.

வெளியிலிருந்து பார்த்தால் உங்கள் ஃபேப்ரிக் முழுவதும் ஒரே பிரிட்ஜ், அதாவது ஒரே ஸ்விட்ச் போல. ஆகவே உங்கள் வலையில் இருப்பவை அ, ஆ, ஃபேப்ரிக் ஆகிய மூன்று பிரிட்ஜுகளும் அவற்றை வளையமாக்கும் மூன்று கேபிள்களும். ஒரு வளையத்தில் எந்த விலானை எடுத்தாலும் சரியாக ஒரு முனை அடைபட்டிருக்க வேண்டும். உங்களிடம் ஒன்றுகூட அடைபடவில்லை. ஸ்பானிங் ட்ரீ பிழையாகக் கணக்கிட்டது என்று சொல்வதற்கில்லை. அந்த வளையம் இருப்பதே அதற்குத் தெரியாது. கேட்டலிஸ்ட் தன் அப்லிங்கில் பிபிடியுவை அனுப்பவும் இல்லை, வந்தால் ஏற்கவும் இல்லை. ஃபேப்ரிக் பக்கமோ ஸ்பானிங் ட்ரீ போர்ட் அளவில் அணைந்து கிடக்கிறது. இரு தரப்பும் வாயையும் காதையும் பொத்திக்கொண்டால் நடுவில் இருக்கும் கேபிள் எப்போதும் ஃபார்வர்டிங்தான்.

“ஸ்பானிங்-ட்ரீ ஷட்டவுன்” வரியை நீங்கள் எழுதாததில் வியப்பில்லை. ஃபேப்ரிக் முறையில் விடிஎக்ஸின் ஓரப் போர்ட்டுகளில் அது இயல்பாகவே இருக்கும். குளோபல் கட்டளை நெறிமுறையை எழுப்புகிறது, அவ்வளவே. ஒவ்வொரு போர்ட்டிலும் “நோ ஸ்பானிங்-ட்ரீ ஷட்டவுன்” கொடுத்தால்தான் அந்தப் போர்ட் அதில் சேரும்.

கேட்டலிஸ்டில் பிபிடியு ஃபில்டர் இரண்டு விதமாக வரும், இரண்டும் ஒன்றல்ல. போர்ட்ஃபாஸ்ட் (சர்வர் போன்ற முனைக்கருவிகளுக்காக உடனே திறக்கும்) போர்ட்டுகளுக்கென்று குளோபலாகக் கொடுக்கும் வடிவம் ஓரளவு பாதுகாப்பானது: பிபிடியு ஒன்று வந்துவிட்டால் போர்ட் தன் போர்ட்ஃபாஸ்ட் நிலையையும் ஃபில்டரையும் இழந்து சாதாரண ஸ்பானிங் ட்ரீக்குத் திரும்பும். போர்ட்டின் மீதே நேரடியாக எழுதும் வடிவம் அப்படி அல்ல. அது அந்தப் போர்ட்டில் ஸ்பானிங் ட்ரீயை நிறுத்தி வைத்ததற்குச் சமம். உங்களிடம் இருப்பது இரண்டாவது வகை. ஒரே ஒரு அப்லிங்க் இருந்த காலத்தில் ஃபேப்ரிக்குடன் பிபிடியு பரிமாற்றமே வேண்டாம் என்று யாரோ வைத்திருப்பார்கள். ஒற்றை அப்லிங்க் இருக்கும்வரை அதன் தீங்கு வெளியே தெரியாது.

இதே அறிகுறியுடன் வரும் வேறொரு பழுதையும் இங்கே குறிப்பிட வேண்டும், ஏனெனில் எண்களைப் படித்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். ஒரு முனையில் அனுப்பிய எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்து, எதிர்முனையில் பெற்ற எண்ணிக்கை பூச்சியமாகவே நின்றால், வழியில் யாரோ பிபிடியுவைக் கைவிடுகிறார்கள், அல்லது ஃபைபர் இணையில் ஒரு இழை ஒருவழியாகச் செத்துவிட்டது. அடைபட்டிருக்கும் போர்ட் ஒன்று பிபிடியு கேட்பதை நிறுத்தினால், ரேபிட் வகையில் மூன்று ஹலோ (பிபிடியு அனுப்பும் 2 நொடி இடைவெளி), அதாவது 6 நொடிகளில் பழைய தகவலை மறந்து திறந்துகொள்ளும். அதற்கு லூப் கார்டும் (பிபிடியு நின்றாலும் போர்ட்டைத் திறக்க விடாதது) யுடிஎல்டியும் (ஒருவழியான இணைப்பைக் கண்டறிவது) மருந்து. உங்களிடம் அனுப்பியதே 0 என்பதால் ஃபைபரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

திருத்தும் வரிசை முக்கியம். புதிய கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஃபேப்ரிக்கின் இரு போர்ட்டுகளிலும் ஸ்பானிங் ட்ரீயை எழுப்புங்கள். பலர் தடுக்கி விழும் இடம் அடுத்தது: விடிஎக்ஸ் தன் பிவிஎஸ்டி பிபிடியுக்களை இயல்பாகத் தனது சொந்த மல்டிகாஸ்ட் மேக் முகவரிக்கே அனுப்பும். கேட்டலிஸ்ட் எதிர்பார்ப்பது சிஸ்கோவின் முகவரியை. அந்த இரு போர்ட்டுகளிலும் “ஸ்பானிங்-ட்ரீ பிபிடியு-மேக்” கட்டளையால் சிஸ்கோ முகவரியைத் தேர்ந்தெடுக்காவிட்டால், இரண்டு பக்கமும் உரக்கப் பேசியும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது.

பிறகு ரூட். விலான் 20-இல் நீங்கள் பார்த்த 32788 என்பது இயல்பான 32768-உடன் விலான் எண் 20 சேர்ந்த தொகை. அதாவது ரூட் யார் என்று யாரும் முடிவுசெய்ததில்லை. முன்னுரிமை சமமாக இருக்கும்போது சிறிய மேக் முகவரி வெல்லும். பல இடங்களில் அது இருப்பதிலேயே பழைய ஸ்விட்சாக அமைந்துவிடுகிறது. ஃபேப்ரிக்கை 20, 30, 999 மூன்றுக்கும் 4096 முன்னுரிமையுடன் ரூட் ஆக்குங்கள். இது அழகுக்காகச் சொல்வது அல்ல. அ ரூட்டாகவே இருந்தால், கேட்டலிஸ்டுகளின் இயல்பான குறுகிய செலவுமுறையில் (மொத்தச் செலவு குறைந்த பாதையே தேர்வாகும்) ஒரு கிகாபிட்டுக்குச் செலவு 4, 10 கிகாபிட்டுக்கு 2. ஆ-விலிருந்து அ-வுக்கு நேரடியாகப் போனாலும் 4, ஃபேப்ரிக் வழியாக இரண்டு 10 கிகாபிட் கேபிள்களைக் கடந்து போனாலும் 4. சமநிலையில் ரூட்டின் பிரிட்ஜ் அடையாளமே (முன்னுரிமையும் மேக் முகவரியும் சேர்ந்தது) சிறியது என்பதால் நேரடிக் கேபிள் வெல்லும்; நீங்கள் பாடுபட்டு இழுத்த 10 கிகாபிட் அப்லிங்க் அடைபட்டுப் படுத்திருக்க, ஆ-வின் சர்வர்கள் எல்லாம் பழையபடி ஒரு கிகாபிட் செம்பில் நெருக்கியடித்துக்கொண்டு போகும்.

ஃபேப்ரிக் ரூட்டான பிறகு அ-வின் அப்லிங்கில் உள்ள ஃபில்டரை நீக்குங்கள். அந்தக் கணத்தில் அ தன் ரூட் பதவியை இழந்து மரம் மறுபடி கணக்கிடப்படும். இணைப்பு ஃபுல் டூப்ளெக்ஸ், பாயின்ட்-டு-பாயின்ட் என்று இரு பக்கமும் ஏற்றால் அது கண நேரத்தில் முடியும். எங்காவது பழைய வகைக்கு இறங்கினால் 15 நொடி லிசனிங், 15 நொடி லேர்னிங் என்று அரை நிமிடம் போகும். ஆகவே பராமரிப்பு நேரத்திலேயே செய்யுங்கள். பிறகு ஆ-வின் ஃபில்டரை நீக்கி, விலான் 999-உடன் மட்டும் கேபிளைச் செருகுங்கள். இரு அப்லிங்க்களும் ரூட் போர்ட்டுகளாகவும், அ–ஆ ட்ரங்கின் ஒரு முனை மட்டும் “ஆல்டர்நேட்” (மாற்றுப் பாதை) ஆக அடைபட்டும் இருக்க வேண்டும். பிரிட்ஜ் அடையாளம் பெரிதாக உள்ள பக்கம்தான் அடைபடும். அதைக் கண்ணால் பார்க்காமல் விலான் 20-ஐ அனுமதிக்காதீர்கள்.

ஓரக்காவல்:

ரூட்_போர்ட் அவர்கள் சொன்னது சரியான மருத்துவம்தான். ஆனால் நான் இந்த நோயாளியை அந்த மருந்தில் நெடுநாள் வைத்திருக்க மாட்டேன். ஃபேப்ரிக்குக்குப் பணம் கொடுத்ததே கேபிள்களை அடைத்து வைக்காமல் எல்லாவற்றையும் பயன்படுத்துவதற்காக. ஓரத்தில் மறுபடியும் ஸ்பானிங் ட்ரீயைக் கொண்டுவந்து ஒரு இணைப்பைத் தூங்க வைத்தால் பாதி பயன் போய்விடுகிறது.

என் கருத்தில் கேபிளிங்கையே மாற்ற வேண்டும். அ–ஆ ட்ரங்கை எடுத்துவிடுங்கள். அ-விலிருந்து ஆர்பிரிட்ஜ் 3-க்கு ஒன்று, 4-க்கு ஒன்று என இரண்டு கேபிள்கள். ஆ-விலிருந்தும் அதேபோல இரண்டு. ஒவ்வொரு இணையையும் எல்ஏசிபி (பல கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்ட இரு முனைகளும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) கொண்ட ஒரு வி-லேக் ஆக்குங்கள். இரண்டு ஆர்பிரிட்ஜுகளும் ஒரே எல்ஏசிபி சிஸ்டம் அடையாளத்துடன் பேசுவதால் கேட்டலிஸ்ட் தனக்கு எதிரே ஒரே ஒரு ஸ்விட்ச் இருப்பதாகவே நம்பும். அதன் “ஷோ எல்ஏசிபி நெய்பர்” வெளியீட்டில் இரு கேபிள்களுக்கும் எதிர்முனை அடையாளம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும். வளையமே இல்லாதபோது அடைக்க எதுவும் இல்லை. ஒரு வி-லேக்கில் சேரும் போர்ட்டுகள் ஒரே வேகம் கொண்டவையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

தவறுதலாக யாராவது ஒரு கேபிளைச் செருகிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எட்ஜ் லூப் டிடெக்‌ஷன் இருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட விலானில் ஃபேப்ரிக் தன் ஓரப் போர்ட்டுகளிலிருந்து ஒரு சோதனைச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். தான் அனுப்பிய செய்தி இன்னொரு ஓரப் போர்ட் வழியாகத் தனக்கே திரும்பி வந்தால் வெளியே வளையம் இருக்கிறது என்று பொருள். போர்ட் முன்னுரிமையைப் பார்த்து ஒன்றை அது மூடிவிடும். எதிரே உள்ள ஸ்விட்ச் எந்த ஸ்பானிங் ட்ரீயைப் பேசுகிறது, பிபிடியுவை வடிகட்டுகிறதா என்ற கவலை எதுவும் இதற்கு இல்லை. உங்கள் நிகழ்விலேயே இது இயங்கியிருந்தால், ஃபில்டர் இருந்தும் இரண்டில் ஒரு போர்ட் மூடப்பட்டிருக்கும், ரேக் தப்பியிருக்கும்.

பழைய_கேபிள்:

வி-லேக் பற்றி ஓரக்காவல் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை; முடிந்தால் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். ஆனால் வி-லேக் வந்தபின் ஸ்பானிங் ட்ரீயை அணைத்துவிடலாம் என்பதில் நான் உடன்படவில்லை.

பழைய ரேக்குகளில் எல்ஏசிபி இல்லாமல் “ஆன்” முறையில் நிலையாகக் கட்டிய போர்ட்-சேனல்களை அடிக்கடி பார்க்கலாம். அந்த முறையில் எதிர்முனை கட்டப்பட்டிருக்கிறதா என்று எந்த விசாரணையும் நடக்காது. ஃபேப்ரிக் பக்கத்தில் ஒரு போர்ட் வி-லேக்கிலிருந்து விலகித் தனிப் போர்ட்டாகிவிட்டால், கேட்டலிஸ்ட் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருக்க, போக்குவரத்தில் ஒரு பகுதி தவறான இடத்தில் விழும், சில வேளைகளில் திரும்பியும் வரும். எல்ஏசிபியை “ஆக்டிவ்” முறையில் வைத்தால் அந்தப் போர்ட் போர்ட்-சேனலிலேயே சேராது. அப்போதும் ஸ்பானிங் ட்ரீ அந்த வி-லேக்கின் மீது ஓடிக்கொண்டிருந்தால் அதற்கு ஆகும் செலவு விலானுக்கு 2 நொடிக்கு ஒரு சிறு பிபிடியு மட்டுமே. அடைக்க எதுவும் இல்லாத நாட்களில் அது ஒரு கேபிளையும் அடைக்கப்போவதில்லை.

எட்ஜ் லூப் டிடெக்‌ஷனும் அப்படித்தான். அது மூடிய போர்ட், நிர்வாகி நீக்கும்வரை அல்லது நீங்கள் அமைத்த கால அளவு முடியும்வரை மூடியே இருக்கும். லூப் போய்விட்டது என்று தானாக உணர்ந்து மாற்றுப் பாதையைத் திறப்பது அதன் வேலையல்ல. விபத்துக்கு அது மிக நல்ல காவல். அ நின்றுபோனால் ஆ-வின் பாதை உயிர்பெற வேண்டும் என்ற உங்கள் மூல நோக்கத்துக்கு அது விடையாகாது.

ஒரு சிறு செய்தி. ஸ்பானிங் ட்ரீயை 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் உருவாக்கியவர் ராடியா பெர்ல்மன். கேபிள்களை அடைத்துப் போடும் அந்த முறைக்கு மாற்றாக ஆர்பிரிட்ஜ் என்ற கருத்தை முன்வைத்தவரும் அவரே. ட்ரில் நெறிமுறையை வரையறுத்து 2011-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 6325-இன் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். ஃபேப்ரிக் ஆதரவாளர்களும் ஸ்பானிங் ட்ரீ ஆதரவாளர்களும் இங்கே மோதிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

இரவுநேர_நிர்வாகி:

எல்லோருக்கும் நன்றி. பழைய கேட்டலிஸ்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு 10 கிகாபிட் போர்ட்தான் இருக்கிறது என்பதால், வி-லேக் இப்போதைக்கு இயலாது. அந்த ஸ்விட்சுகளை மாற்றும்போது அப்படியே அமைக்கலாம் என்று முடிவுசெய்துள்ளோம். எனவே ரூட்_போர்ட் அவர்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

பிபிடியு முகவரியை மாற்றும் முன் ஒருமுறை வேண்டுமென்றே விலான் 999-இல் நிலையைப் பார்த்தேன். கேட்டலிஸ்ட் தன்னையே ரூட் என்று சொல்லிக்கொண்டிருந்தது. முகவரியை மாற்றியதும் ஃபேப்ரிக்கின் 4096-ஐ ஏற்றுக்கொண்டது. இப்போது இரு அப்லிங்க்களும் ரூட் போர்ட்டுகளாக ஃபார்வர்டிங் நிலையில் உள்ளன. அ–ஆ ட்ரங்கில் ஆ-வின் முனை ஆல்டர்நேட்டாக அடைபட்டிருக்கிறது. விலான் 20, 30 இரண்டையும் அனுமதித்த பிறகும் ஃப்ளாப்பிங் எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. அ-வின் அப்லிங்கைக் கழற்றிப் பார்த்தபோது பிங் ஓரிரு பொட்டலங்களை மட்டும் இழந்து, ட்ரங்க் வழியாக மீண்டது. எட்ஜ் லூப் டிடெக்‌ஷனை மற்ற ரேக்குகளை நோக்கிய போர்ட்டுகளில் இயக்கியிருக்கிறோம்.

ஒரே ஒரு குறை மீதி இருக்கிறது. அவ்வப்போது சில நொடிகளுக்கு விலான் 20-இல் எல்லாச் சர்வர் போர்ட்டுகளிலும் போக்குவரத்து ஒரே நேரத்தில் எகிறி அடங்குகிறது. லூப் போல நீடிப்பதில்லை, பிங்கும் நிற்பதில்லை. விலான் 20-இன் விரிவான ஸ்பானிங் ட்ரீ வெளியீட்டில் டோபாலஜி (வலையின் இணைப்பு அமைப்பு) மாற்றங்களின் எண்ணிக்கை ஆயிரங்களில் நிற்கிறது. கடைசி மாற்றம் சில நிமிடங்களுக்கு முன் நடந்ததாகக் காட்டுகிறது.

ரூட்_போர்ட்:

அது லூப் அல்ல, டோபாலஜி மாற்ற அறிவிப்புகளின் விளைவு. ரேபிட் வகையில், எட்ஜ் (சர்வர் போன்ற முனைக்கருவியை நோக்கிய போர்ட்) என்று குறிக்கப்படாத ஒரு போர்ட் ஃபார்வர்டிங் நிலைக்கு வரும் ஒவ்வொரு முறையும் மரம் முழுவதற்கும் அறிவிப்பு போகும். அதைப் பெற்ற ஸ்விட்சுகள் அறிவிப்பு வந்த போர்ட்டைத் தவிர மற்றவற்றில் கற்ற மேக் முகவரிகளை அழித்துவிடும். மறுபடி கற்றுக்கொள்ளும்வரை யூனிகாஸ்ட் (ஒரே பெறுநருக்கான) போக்குவரத்தும் எல்லாப் போர்ட்டுகளிலும் வெள்ளமாகப் பாயும். நீங்கள் பார்த்த எகிறல் அதுதான். முன்பும் இது நடந்திருக்கும். ஃபில்டர் இருந்ததால் அறிவிப்பு கேட்டலிஸ்டுகளுக்குள்ளேயே தங்கிவிட்டது, இப்போது ஃபேப்ரிக்குக்கும் போய்ச் சேர்கிறது.

அதே வெளியீட்டில், கடைசி மாற்றம் எத்தனை நேரத்துக்கு முன் என்பதற்குப் பக்கத்திலேயே அது எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்ற பெயரும் இருக்கும். அது அ–ஆ ட்ரங்காகவோ அப்லிங்காகவோ இருந்தால் அந்தத் திசையில் உள்ள அடுத்த ஸ்விட்சில் அதே கட்டளையைக் கொடுத்து, ஒரு சர்வர் போர்ட்டில் போய் முட்டும்வரை பின்தொடருங்கள். பெரும்பாலும் அடிக்கடி மறுதொடக்கம் ஆகும் ஒரு சர்வரோ, மின்சேமிப்புக்காக நெட்வொர்க் அட்டையை அணைத்து எழுப்பும் ஒரு கணினியோ அங்கே இருக்கும். கண்டுபிடித்ததும் அந்த ஒன்றை மட்டும் திருத்தாமல், சர்வர்களை நோக்கிய எல்லாப் போர்ட்டுகளையும் எட்ஜ் ஆக்குங்கள்: கேட்டலிஸ்டில் போர்ட்ஃபாஸ்ட், விடிஎக்ஸில் எட்ஜ்போர்ட். இரண்டிலும் பிபிடியு கார்டைச் சேர்த்தே கொடுங்கள். நாளை யாராவது அந்தப் போர்ட்டில் ஒரு சிறிய ஸ்விட்சைச் செருகினால் போர்ட் மூடிக்கொள்ளும். கார்டு இருக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் ஃபில்டரை எழுதிவிடாதீர்கள்; இரண்டின் பெயரும் அருகருகே இருப்பதால் அவசரத்தில் மாறிப்போவது உண்டு.

மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் சர்வர்கள் ட்ரங்க் போர்ட்டில் இருந்தால், கேட்டலிஸ்டில் வெறும் போர்ட்ஃபாஸ்ட் கட்டளை அங்கே செயல்படாது. ட்ரங்குக்கென்று உள்ள வடிவத்தையே கொடுக்க வேண்டும். கொடுத்தபின் அந்தப் போர்ட்டின் விரிவான வெளியீட்டில் அது எட்ஜ் நிலையில் இருப்பதாகக் காட்டுகிறதா என்று சரிபாருங்கள்.